செட்டிநாட்டில் பழைய ராணுவக் கார்பைன் கிடைத்தால் வாங்கலாமா?

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பழைய ராணுவக் கார்பைன், அதாவது குதிரைப்படைக்காரர்களின் குட்டைத் துப்பாக்கி, கிடைக்குமா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைப்பது அபூர்வம். முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினால் பீங்கான், எனாமல் பாத்திரம், தேக்குத் தூண் எல்லாம் பார்க்கலாம். துப்பாக்கி கண்ணில் படுவதே அரிது. அதிலும் பின்பக்கம் தோட்டா போடுகிற கார்பைன் என்றால் நான் அந்தக் கடையை விட்டு நகர மாட்டேன்.

என் மனதுக்குப் பிடித்தது ஆங்கிலேயப் படையின் ஸ்னைடர் துப்பாக்கி. அதற்கு முந்தைய 1853 மாடல் என்ஃபீல்டில் குழல் வாயில் மருந்தைப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா? குதிரைப்படைக்குப் பின்வழி ஏற்றும் துப்பாக்கி அவ்வளவு தேவைப்பட்டது அதனால்தான். 1866-ல் ஆங்கிலேயர் ஜேக்கப் ஸ்னைடரின் முறையை ஏற்று, கையிலிருந்த என்ஃபீல்டுகளின் குழலைப் பின்னால் வெட்டிக் கீல் வைத்த இரும்புக்கட்டை ஒன்றைப் பொருத்தினார்கள். கட்டைவிரலால் தூக்கினால் அது வலப்பக்கம் பெட்டி மூடி மாதிரித் திறக்கும். அப்படியே பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே வரும். துப்பாக்கியைக் கவிழ்த்தால் விழுந்துவிடும். 1871-ல் வந்த மார்ட்டினி-ஹென்றி இதைவிட வேகம்தான். ஆனாலும் இருந்ததையே புதிதாக்கிய ஸ்னைடர் வேலைப்பாட்டுக்கு ஈடில்லை என்பேன்.

ஆகவே முதலில் அந்தக் கீலைத் திறந்து பாருங்கள். கட்டை ஆடாமல் குழலோடு ஒட்டி உட்கார வேண்டும். பக்கத் தகட்டில் கிரீடமும் வருஷமும் இருக்கும். சுற்றியுள்ள இரும்பு தேய்ந்து, எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள். பிடிக்கட்டை வால்நட் மரம். பர்மா தேக்கைப் பார்த்தே வளர்ந்த நமக்கு வித்தியாசம் தெரியாமல் போகாது. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த உருப்படி வேண்டவே வேண்டாம், முத்திரைகளும் அதோடு போயிருக்கும்.

சரி, சட்டம். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. சுடக்கூடியது என்றால் லைசென்ஸ் வேண்டும். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்; சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வீடு பாகம் பிரிக்கும்போது பரணிலிருந்து ஏதாவது வந்தாலும் இதே வழிதான்.

அப்புறம், சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நூறு வருஷம் தாண்டினால் அது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் அனுமதிக்காது.