யூதப் பண்டிகைகளில் வேலை இல்லாத நாட்களுக்கு மட்டும் சிவப்பு

கூகுள் காலண்டரில் யூத விடுமுறைகளைச் சேர்த்தால் வேலை நடக்காத யோம் கிப்பூரும் வேலை நடக்கும் ஹனுக்காவும் ஒரே நிறத்தில் வருகின்றன, இஸ்ரேலின் டெல் அவீவில் இருக்கும் குழுவோடு மீட்டிங் வைக்கத் தடுமாறுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விடுமுறைக் காலண்டர் மொத்தத்துக்கும் ஒரே நிறம்தான். அதை வெளிர் சாம்பலாக்கி விட்டுவிடுங்கள்.

கணினியில் தனியாக ஒரு காலண்டர் உருவாக்கிச் சிவப்பு கொடுங்கள். கையால் போடவேண்டியது எட்டே நாட்கள்: ரோஷ் ஹஷானா இரண்டு, யோம் கிப்பூர், சுக்கோத் முதல் நாள், ஷெமினி அட்செரெத், பெசாக்கின் முதல் நாளும் ஏழாம் நாளும், ஷவுவோத். இது இஸ்ரேல் கணக்கு; நியூயார்க்கில் ஆர்த்தடாக்ஸ் (மரபுவழி) யூதர்களுக்குப் பதின்மூன்று.

முக்கியமாக, ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் மாலையையும் சிவப்பாக்குங்கள். 2026இல் யோம் கிப்பூர் செப்டம்பர் 21; ஆனால் 20ஆம் தேதி சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். நான் ஒருமுறை அப்படி ஒரு மாலையில் மீட்டிங் வைத்துவிட்டு, அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்!

அப்புறம், 'ஆண்டுதோறும்' என்று போட்டுவிடாதீர்கள்; தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ரோஷ் ஹஷானா 2025இல் செப்டம்பர் 23, 2026இல் செப்டம்பர் 12.