கடையைக் கட்டிய கம்பெனியின் பழைய காரை வாங்கலாமா?

கேள்வி: "பட்ஜெட் ஐந்து லட்சம். 2017 மாடல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஃபோர்டுதான் இந்தியாவில் கார் விற்பதையே விட்டுவிட்டதே, நம்பி வாங்கலாமா? ஸ்பேர் கிடைக்குமா?"

வாங்கலாம். நான் வாங்கினேன். ஒன்றரை வருடமாக ஓட்டுகிறேன்.

இவ்வளவுதான் பதில். ஆனால் கேள்வியைப் படித்ததும் சுருக்கென்று தைத்ததால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். 2024 ஜூனில் வண்டியை வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தினேன். மனைவி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். என் மாமனார் அதைச் சுற்றி வந்து, பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னியை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கேட்டார்: "செத்த கம்பெனி வண்டிக்கு யாராவது காசு கொடுப்பாங்களா மாப்பிள்ளை?" எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் முன்பே இப்படி.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன். இது உங்கள் முதல் கார். வீட்டில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். ஊர்ப் பக்கம் போகும் ரோடு குண்டும் குழியுமாக இருப்பதால் உயரமான வண்டி வேண்டும். பக்கத்தில் யாரோ ஒருவர் 'பேசாம பழைய மாருதி எடுத்துடு' என்று தினம் ஒரு தடவை சொல்கிறார். சரிதானே?

முதலில் ஒன்று. நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. தாம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். 'ரீசேல் வேல்யூ தெரியுமா' என்று கேட்டுக்கொண்டு கீழே கமென்ட்டில் சிலர் வருவார்கள், அவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தெரியும். ரீசேல் வேல்யூ படுத்துக்கிடப்பதால்தான் எனக்கு 4.85 லட்சத்துக்கு இந்த வண்டி கிடைத்தது. அதே வயது, அதே கிலோமீட்டர் ஓடிய பிரெஸ்ஸாவுக்கு ஒன்றரை லட்சம் அதிகம் கேட்டார்கள்.

நான் இருப்பது கூடுவாஞ்சேரி. ஈகோஸ்போர்ட் பிறந்த மறைமலைநகர் ஃபோர்டு ஆலை இங்கிருந்து கூப்பிடு தூரம். 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை 5.59 லட்சம். நான்கு மீட்டருக்குள் ஒரு எஸ்யூவி என்று ஊரே புக்கிங்குக்கு நின்றது. அமெரிக்காவில் ஓடும் ஈகோஸ்போர்ட்டும் இங்கே செய்து கப்பல் ஏறியதுதான். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. எங்கள் தெருவிலேயே அந்த ஆலையில் வேலை பார்த்த நான்கைந்து பேர் உண்டு. அதில் கீழ்வீட்டு அண்ணன் பதினெட்டு வருடம் அங்கே இருந்தவர், இப்போது ஓரகடம் பக்கம் வேறு வேலை. கார் வாங்கப் போகிறேன் என்றதும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

முதலில் பார்த்தது வேளச்சேரிப் பக்கம் ஒரு கார் கன்சல்டிங்கில். வெள்ளை நிறம், பளபளப்பு, உள்ளே மல்லிகை வாசனை ஸ்பிரே. "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்." (தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி டாக்டர்களுடையது. அவர்கள் எப்போதுதான் நோயாளியைப் பார்க்கிறார்களோ.) நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பானட்டைத் திறக்கவே இல்லை. பின்சீட்டில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். நாம் யாரும் அந்தப் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்திருக்க மாட்டோம். கடைசி ஒரு முழம் வெளியே வந்தபோது கறுப்புத் துணியில் பழுப்பாக ஒரு கோடு. விரலால் சுரண்டினார், நகத்தில் காய்ந்த வண்டல் வந்தது. முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டு ரெயிலைத் தடவினார், துரு. "மிச்சாங்ல நீச்சல் அடிச்சிருக்கு" என்று என் காதில் மட்டும் சொன்னார். 2023 டிசம்பர்ப் புயல் மழையில் அந்தப் பக்கம் எத்தனை கார் முழுகின என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீட்டுக் கவரை மாற்றிவிட்டார்கள், மேட்டை மாற்றிவிட்டார்கள். பெல்ட் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யார் துவைக்கப் போகிறார்கள்?

அந்தக் கன்சல்டிங் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பலகையை மாற்றிவிடுவார்கள்.

இரண்டாவது வண்டிதான் இப்போது என்னிடம் இருப்பது. காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. 78,000 கிலோமீட்டர். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் துளை போட்டு, நாடா கட்டிய ஃபைலில் தேதி வாரியாக வைத்திருந்தார். டயரில் காற்றடித்த நாளைக்கூட டைரியில் குறித்திருந்தார். மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை, ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே வருகிறது. அண்ணன் நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். சத்தத்தைக் கேட்டார். பின்பக்க இடது கதவை மட்டும் மறுபடி மூடிப் பார்த்துவிட்டு, "இது ஒரு தடவை கழட்டி மாட்டினது" என்றார். தலைமையாசிரியர் உடனே ஃபைலைப் புரட்டி, 2019ல் டிங்கரிங் செய்த பில்லை எடுத்து நீட்டினார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வாங்கியதும் 38,000 செலவு. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சஸ்பென்ஷன் புஷ், இரண்டு டயர். இதைக் கம்பெனி தலையில் கட்ட முடியாது, ஏழு வருட வண்டி எதுவானாலும் இந்தச் செலவு உண்டு. ஐந்து லட்சம் பட்ஜெட் என்றால் வண்டிக்கு நாலரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்பேர் விஷயம். ஃபோர்டு போகும்போது, பத்து ஆண்டுகளுக்கு உதிரிபாகமும் சர்வீசும் கிடைக்கும் என்று அறிவித்துவிட்டுத்தான் போனார்கள். 2021ல் இருந்து கணக்கிட்டால் 2031. என் வண்டியின் ஆர்.சி. 2032 வரை. ஒரு வருடம்தான் இடிக்கிறது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட் மாதிரி தேய்கிற சாமான் எதற்கும் நான் இதுவரை அலைந்ததில்லை. செவ்ரோலெட் 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. அவர்களுடைய டவேரா இன்றைக்கும் ஆளேற்றிக்கொண்டு ஓடவில்லையா?

அலைய விடுவது பாடி பார்ட்ஸ். போன வருடம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ என் வலதுபக்க மிரரைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஒரு சர்வீஸ் சென்டரில் சொல்லி வைத்தேன், பெயர் வேண்டாம். மிரரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். போன் செய்யும்போதெல்லாம் ஒரே பதில்: "இன்னும் வரல சார், கம்பெனியே போயிடுச்சே, நாங்க என்ன பண்றது?" நானும் மாமனார் சொன்னது சரிதானோ என்று தூக்கம் கெட்டுக் கிடந்தேன். இருபத்து நான்காம் நாள் நேரில் போனால், அன்றைக்கு அந்த அட்வைசர் லீவு. வேறொரு பையன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், ஆர்டரே போடலையே." அங்கிருந்து நேராக ஜி.பி. ரோடு, சென்னையின் கார் உதிரிபாகக் கடைத்தெரு. ஒரு கடையில் பார்ட் நம்பரைக் காட்டி அட்வான்ஸ் கொடுத்தேன். நான்காம் நாள் மிரர் வந்துவிட்டது, புதுசு, பெட்டியோடு. அவசரம் என்றால் பழைய கார்களைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் கழட்டின மிரரே கிடைத்திருக்கும் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

ஆக, வண்டி பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பாருங்கள். உங்கள் ஊரில் ஃபோர்டு சர்வீஸ் சென்டரில் இருந்து வெளியே வந்து சொந்தமாக ஷெட் போட்டிருக்கும் ஆள் நிச்சயம் ஒருவராவது இருப்பார். என்னுடையவர் ஊரப்பாக்கத்தில் இருக்கிறார். லேப்டாப்பில் ஃபோர்ஸ்கேன் வைத்திருக்கிறார், வயரை மாட்டினால் எந்தக் கோளாறு என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படி ஒருவர் ஐம்பது கிலோமீட்டருக்குள் இல்லையென்றால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள். மாருதியே எடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

எந்த எஞ்சின் என்பதும் முக்கியம். நீங்கள் கேட்டிருப்பது 1.5 டீசல் மேனுவல், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடுவாஞ்சேரி நெரிசலில் லிட்டருக்கு 14, திருச்சி போனால் 19. 'பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஒன்று இன்னும் மலிவாக வருகிறது சார்' என்று ஆசை காட்டுவார்கள். 2017 நவம்பரில் மாடலைப் புதுப்பிக்கும் முன் வந்த ஆட்டோமேட்டிக், டூயல் கிளட்ச் என்ற வகை. அந்த ஆறு கியர் பெட்டி அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் கோளாறு என்று வழக்கு வரை போனது. அதற்குப் பிறகு வந்தது டார்க் கன்வெர்ட்டர், அது வேறு ஜாதி. புதிய மூன்று சிலிண்டர் பெட்ரோலில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுவதால் சரியான கிரேடு எண்ணெய் ஊற்றினார்களா என்று பில்லைப் பார்க்காமல் தொடாதீர்கள். டெல்லிப் பதிவெண் டீசலும் மலிவாக வரும். பழைய டீசலுக்கு அங்கே கெடுபிடி என்பதால் தள்ளிவிடுகிறார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), மறுபதிவு, இங்கே மறுபடி சாலை வரி என்று கணக்குப் போட்டால் மலிவெல்லாம் காணாமல் போய்விடும்.

காகித வேலையில் யாரும் சொல்லாத ஒன்று இன்சூரன்ஸ். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்ற மாடலுக்கும் ஐ.டி.வி.யை (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) அட்டவணை பார்த்துப் போடுவதில்லை, நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியத்தில் நானூறு ஐந்நூறு மிச்சம் என்று ஏஜென்ட் குறைத்துப் போடுவார், விடாதீர்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடுவார்கள். ஹெட்லைட், பம்பர், பானட் மூன்றும் சேர்ந்து போனால் குறைந்த ஐ.டி.வி.யில் அந்தக் கோட்டை எட்டுவது ரொம்ப தூரமில்லை. மற்றபடி படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்குவது, லோன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வாங்கி ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு (எச்.பி.) கேன்சல் ஆனபிறகு முழுப் பணம் கொடுப்பது, இ-சலான் பாக்கி பார்ப்பது, இதெல்லாம் எல்லாக் காருக்கும் உள்ளதுதான்.

உண்மையில் இந்த வண்டியில் எனக்குள்ள ஒரே தலைவலி காரில் இல்லை, எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் இருக்கிறது. ஈகோஸ்போர்ட்டின் டிக்கி மேலே தூக்குவது கிடையாது, பீரோக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். ஸ்டெப்னியும் அதிலேயே தொங்குவதால் பின்னால் நல்ல இடம் வேண்டும். என் பார்க்கிங்குக்குப் பின்னால் அந்த இடம் இருந்தது. 'அழகுபடுத்துகிறோம்' என்று செயலாளர் அங்கே ஆறு குரோட்டன்ஸ் தொட்டியை வரிசையாக வைத்துவிட்டார். டிக்கியை அரை அடிக்கு மேல் திறக்க முடியாது. மளிகைச் சாமானைப் பின்சீட்டு வழியாக இறக்குகிறேன். மூன்று கடிதம் கொடுத்தாயிற்று. மாதம் 2,800 மெயின்டனன்ஸ் கட்டுகிறேன், விருந்தாளி பார்க்கிங் இரண்டிலும் செயலாளர் மகனின் வண்டிகள் நிற்கின்றன, அதை யாரும் கேட்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் வாங்கும் முன் உங்கள் பார்க்கிங்கின் பின்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இன்னொன்று. மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி திறக்க விருப்பம் தெரிவித்து 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். 'ஃபோர்டு திரும்பி வருது சார், இப்பவே வாங்கிப் போடுங்க, விலை ஏறிடும்' என்று ஒரு புரோக்கர் எனக்கே சொன்னார். அதை நம்பி ஐயாயிரம்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

வண்டி பார்க்க நல்ல வெயிலில் போங்கள். சாயங்காலம் போனால் எல்லா பெயின்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும். அப்புறம், அந்த 'மாருதி எடுத்துடு' ஆசாமி உங்கள் மாமனாராக இருந்தால் அவரையும் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டை அவர் கையாலேயே கடைசி வரை இழுக்கச் சொல்லுங்கள்.