ரிப்ளை பண்ணா புது டிக்கெட் ஆகுதா? சப்ஜெக்ட் லைனைப் பாருங்க
கிளையன்ட் மெயிலுக்கு ரிப்ளை பண்ற ஒவ்வொரு தடவையும் ஜிராவுல (வேலைகளையும் புகார்களையும் டிக்கெட்டா பதிவு பண்ற சாஃப்ட்வேர்) புது டிக்கெட் உருவாகுதுன்னு சொன்னீங்க, முதல்ல அந்த மெயிலோட சப்ஜெக்டைப் பாருங்க, ஏபிசி-123 மாதிரி டிக்கெட் நம்பர் அதுல அப்படியே இருக்கணும், அதைப் பார்த்து மெயில் ஹேண்ட்லர், அதாவது வர்ற மெயிலைப் படிச்சு ஜிராவுல சேர்க்கற பகுதி, பழைய டிக்கெட்லயே கமென்ட்டா சேர்க்கும். யாரோ சப்ஜெக்டை மாத்தி எழுதிட்டாங்கன்னா புது டிக்கெட் ஆகிட வாய்ப்பு இருக்கு.

எனக்கும் இதே தலைவலி இருந்துச்சுங்க. அப்புறம் பார்த்தா ஒரு வரி 'ஓகே'ன்னு ரிப்ளை வந்தாலும் அதுக்குக் கீழ பழைய மெயில் மொத்தமும் கமென்ட்ல வந்து விழுது, படிக்கவே முடியல! இப்படிக் கீழ ஒட்டிக்கிட்டு வர்ற பழைய மெயில் பகுதியை வெட்டுற ஹேண்ட்லர் தனியா இருக்கு, அதையே போடுங்க.

முக்கியமா, லீவ்ல இருக்கறவங்களோட ஆட்டோ ரிப்ளையை இக்னோர் பண்ண, ஹேண்ட்லர்ல இருக்கற 'பல்க்' (தானா வர்ற மெயிலை என்ன பண்ணணும்கிற) செட்டிங்கை மறக்காம மாத்திடுங்க. இல்லேன்னா ஜிராவும் அந்த ஆட்டோ ரிப்ளையும் மாத்தி மாத்தி மெயில் போய்க்கிட்டே இருக்கும்.