ஒருவர் கொட்டாவி விட்டால் அடுத்தவருக்கும் வருவது ஏன்? அடக்க முடியுமா?

ஆக்சிஜன் குறைவதால்தான் கொட்டாவி வருகிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், அது தவறு. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன் குழுவினர் சுத்தமான ஆக்சிஜனையும், கார்பன் டை ஆக்சைடு கூடிய காற்றையும் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். கொட்டாவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தானாக வரும் கொட்டாவி கருவிலிருக்கும் சிசுவுக்கே உண்டு. தொற்றும் கொட்டாவி பெரும்பாலும் நான்கைந்து வயதில்தான் தெரியத் தொடங்குகிறது. கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். சத்தம் கேட்டாலோ, அதைப் பற்றிப் படித்தாலோ போதும். பிறர் செயலைத் தன்னையறியாமல் பின்பற்றும் மூளையின் இயல்பே காரணம் என்பது வலுவான கருத்து. எல்லோருக்கும் தொற்றுவதில்லை, தொற்றாத ஒருவரை இரக்கமற்றவர் என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை.

வலுக்கட்டாயமாக அடக்கினால் உந்துதல்தான் கூடும். வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், அல்லது நெற்றியில் குளிர்ந்த துணி வையுங்கள். இரண்டும் தொற்றைக் குறைத்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.