செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி கொடுக்கலாமா?

சாவகச்சேரியில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 14 வயது. மூன்று நாளாகக் கண் மஞ்சள். சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிக்கிறான். வளவில் நிற்கிற கீழ்க்காய்நெல்லியைப் பிடுங்கி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறா மாமி. எவ்வளவு, எத்தனை நாள்? இதைக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போகத்தான் வேண்டும், இன்றைக்கே. செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்று நாங்கள் சொல்வது ஒரு நோயை மட்டும் இல்லை, பல நோய்களில் கண் மஞ்சளாகும். அழுக்குத் தண்ணீரால் வரும் 'ஏ' வகை ஈரல் அழற்சி பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். மூலிகை குடித்தாலும் மாறும், குடிக்காவிட்டாலும் மாறும். ஆனால் எலிச் சலம் கலந்த தண்ணீர், சேற்றால் தொற்றும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு அன்ரிபயோட்டிக் நேரத்தோடு கிடைக்க வேண்டும், இலைச்சாறு காப்பாற்றாது. காய்ச்சல், கெண்டைக்கால் நோ, சலம் குறைதல் இருந்தாலோ, பிள்ளை வெள்ளத்திலோ வயலிலோ இறங்கியிருந்தாலோ டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மயக்கமாகக் கிடந்தாலும், பேச்சுத் தடுமாறினாலும் ஒரு மணித்தியாலம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்ப மாமி சொன்னது வீணா? இல்லை. நானும் சித்த வைத்தியம் படித்தவன், இந்தப் பூண்டில் எனக்கு மதிப்பு உண்டு. சென்னை ஆய்வாளர்களும் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 'பி' வகை ஈரல் அழற்சிக் கிருமியைச் சுமந்தவர்களுக்கு இதன் தூளை 30 நாள் கொடுத்தபோது 59 வீதமானோரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறுந்தூள் குடித்தவர்களில் அது 4 வீதம்தான். பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் இதைத் துணை மருந்தாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பூண்டை எப்படி அறிவது? புளியமிலை போல அடுக்காக இலை இருக்கும். அந்தக் கிளையைப் பிடித்து மறுபக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு இலைக்கும் கீழே, மெல்லிய காம்பில், கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய் தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு இனம். வெங்காயப் பாத்தியில் முளைத்ததைப் பிடுங்கவே வேண்டாம், அங்கே பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: முழுப்பூண்டையும் கழுவி அரைத்து, கொட்டைப்பாக்களவு விழுதைப் பாலிலோ மோரிலோ கரைத்து, வெறும் வயிற்றில் 3 முதல் 7 நாள். மகனுக்கு அளவை நீங்களாகக் குறைத்தோ கூட்டியோ கொடுக்காதீர்கள். இரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு, முடிவுத் துண்டோடு கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போய்க் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். நீரிழிவு மாத்திரை போடுபவர்களுக்குச் சீனி மேலும் இறங்கலாம்.

பனடோலை டொக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம், அது ஈரலுக்குப் பாரம். பத்தியம் என்று பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம். குழைந்த சோறு, இளநீர், பழம் என்று அவனுக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

வீட்டில் எல்லோரும் கொதித்தாறிய தண்ணீரே குடியுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மலசலகூடக் குழியின் ஊறல் கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. இரண்டும் கிட்டக் கிட்ட இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.