ஆபிரகாம் கிரயம் கொடுத்து வாங்கிய இடம்

கேள்வி: எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், "கானான் தேசத்துக்குக் கர்த்தரே பட்டா எழுதி ஆபிரகாமின் சந்ததிக்குக் கொடுத்துவிட்டார், அதை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்ய முடியாது" என்றார். கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் நம்புகிறார்களா?
(கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இல்லை அம்மா, எல்லோரும் அப்படி நம்புவதில்லை. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் 'பட்டா' என்ற சொல். நீலகிரிக்கு வந்து மைக் பிடித்த ஒருவர் பட்டாவைப் பற்றி இவ்வளவு சுலபமாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரைக் கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு நாள் கூட்டிப்போக வேண்டும். நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை ஜமீன் நிலங்களை, அரசு எடுத்துக்கொள்ள 1969-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலத்தைத்தான் 'செக்‌ஷன் 17 நிலம்' என்கிறோம். அந்த மண்ணில் குடிசை போட்டு, மிளகுக்கொடி ஏற்றி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரனையும் பார்த்துவிட்டவர்கள் அரை நூற்றாண்டு கழிந்தும் ஒரு தாளுக்காகத் தாலுகா ஆபீஸ் படி ஏறுகிறார்கள். பட்டா இல்லை என்பதால் கரண்ட் கிடைக்காமல் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த வீடுகளில் நான் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

அதே பக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 1964-ல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று எண்ணிப் பிரித்தன. வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்து வளர்ந்த ஒருவர், கண்ணால் பார்த்தே இராத ஒரு நாட்டைத் தாயகம் என்று சொல்லிக்கொண்டு கப்பல் ஏறியதை நினைத்துப் பாருங்கள். நிலம், வாக்குறுதி, உரிமை என்று மேடையில் பேசுகிறவர் இந்த மலையில் தன் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

சரி, ஆபிரகாமிடம் வருவோம். எகிப்தின் நதி முதல் ஐபிராத்து நதி வரை உன் சந்ததிக்குத் தருகிறேன் என்ற வாக்குத்தத்தம் ஆதியாகமம் 15-ல் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 23-ஆம் அதிகாரத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்? ஆபிரகாமின் மனைவி சாராள் இறந்துவிட்டாள், அடக்கம் செய்ய இடம் இல்லை. தேசம் முழுவதும் உனக்கு என்று கடவுள் சொல்லக் கேட்ட அந்த மனிதர், அங்கே குடியிருந்த ஏத்தின் புத்திரர் முன்னால் எழுந்து நின்று, நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாக இருக்கிறேன், ஒரு கல்லறை நிலம் தாருங்கள் என்று குனிந்து வணங்கிக் கேட்கிறார். நிலத்துக்காரர் எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்கிறார். ஆபிரகாம் சும்மா வாங்க மாட்டேன் என்று நானூறு சேக்கல் வெள்ளியை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துக் கொடுக்கிறார். மக்பேலா நிலமும், அதிலிருந்த குகையும், எல்லைக்குள் நின்ற மரங்களும், ஊர் வாசலில் கூடியிருந்தோர் சாட்சியாக அவருக்கு உறுதியாயிற்று என்று அந்த அதிகாரம் ஒரு கிரயப் பத்திரத்தின் சொத்து விவரம் மாதிரியே முடிகிறது. வாக்குத்தத்தம் கையில் இருந்தும், அங்கே ஏற்கெனவே குடியிருந்தவரிடம் கேட்டு, விலை கொடுத்து, சாட்சி வைத்து வாங்கினார் அவர். உங்கள் பிரசங்கியார் பட்டா என்று எதைச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. ஆபிரகாம் தன் பெயரில் வைத்திருந்த இடம் என்று பார்த்தால், அப்போதைக்கு அந்தக் கல்லறை நிலம்தான். ஆதிச் சபையின் ஸ்தேவானும் அப்போஸ்தலர் 7-ல், கடவுள் ஆபிரகாமுக்கு ஓர் அடி நிலத்தைக்கூடச் சுதந்தரமாகக் கொடுக்கவில்லை என்றே சொல்கிறார்.

இனி நீங்கள் கேட்டது. ஆதிச் சபையில் பலர் இந்த வாக்குறுதியை மண்ணோடு நிறுத்தவில்லை. ஓரிகன் என்ற வேத அறிஞர் மூன்றாம் நூற்றாண்டில் அதே தேசத்தின் செசரியாவில் குடியிருந்துகொண்டே, கானானைப் பிடிக்க யோசுவா நடத்திய யுத்தங்களை மனதுக்குள் பாவத்தோடு நடக்கும் யுத்தமாக வாசித்தார். பவுல் ரோமர் 4-ல் ஆபிரகாம் உலகத்தையே சுதந்தரிப்பான் என்று எல்லையை விரித்துவிடுகிறார். எபிரெயர் 11 இன்னும் மேலே போய், அவர்கள் விரும்பியது பரம தேசத்தை என்கிறது. பெரும்பாலான சபைகள் நெடுங்காலம் இந்த வழியில்தான் வாசித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார், இஸ்ரவேல் வேறு, சபை வேறு, இஸ்ரவேலுக்குச் சொன்ன நிலம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியே தீரும் என்று ஒரு முறையை வகுத்தார். 1909-ல் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கப் போதகரின் குறிப்புகளோடு வந்த வேதாகமம் அதை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது. அங்கிருந்து டிவி வழியாகவும் கன்வென்ஷன் மேடை வழியாகவும் நம் மலைக்கும் ஏறிவிட்டது. உங்கள் பிரசங்கியார் பேசியது அந்த வரிசையில் வந்தது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாகாது. யூதர்களைக் கடவுள் கைவிட்டுவிட்டார், வாக்குத்தத்தமெல்லாம் இனி எங்களுக்கு என்று சபை பேசிய பேச்சு ஐரோப்பாவில் யூதர்களுக்குச் செய்த கொடுமை கொஞ்சநஞ்சம் இல்லை. 1965-ல் கத்தோலிக்கத் திருச்சபை, அவர்களைச் சபிக்கப்பட்டவர்கள் என்று காட்டக் கூடாது என்று வத்திக்கான் சங்கத்தில் வைத்துச் சொன்னது. தேவன் அழைத்த அழைப்பு மாறாதது என்று ரோமர் 11-ல் இருப்பதை நான் அப்படியே நம்புகிறேன். அழைப்பு மாறாதது என்பதால், அங்கே தலைமுறை தலைமுறையாக ஒலிவ மரம் வளர்த்த இன்னொருவனைக் கிளப்பலாம் என்று ஆகாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2006-ல் எருசலேமின் கத்தோலிக்க, சிரியன் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைத் தலைவர்கள் நான்கு பேர் கூட்டாகக் கையெழுத்திட்டு, கிறிஸ்தவ சீயோனிசம், அதாவது அந்த நிலம் இஸ்ரேலுக்கே என்று வேதத்தைக் காட்டிக் கிறிஸ்தவர்கள் ஆதரிப்பது, தவறான போதனை என்று அறிவித்தார்கள். அந்த மண்ணிலேயே இருக்கிற மேய்ப்பர்கள் அவர்கள்.

கலிலேயாவில் இக்ரித் என்று ஒரு கிராமம். அரபி பேசும் கிறிஸ்தவர்களின் ஊர். 1948 நவம்பரில் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி ராணுவம் அவர்களை வெளியே அனுப்பியது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1951 ஜூலையில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே திரும்பிப் போகலாம் என்றது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ராணுவம் வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தது, கோவில் மட்டும் நிற்கிறது. பிற்பாடு அங்கே அடக்கம் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. ஆக, இக்ரித்காரர் ஒருவர் தன் ஊர் மண்ணுக்குப் போய்ச் சேர்வது இறந்த பிறகுதான். கோர்ட் ரத்து செய்ய முடியாது என்று உங்கள் கூட்டத்தில் கை தட்டியவர்கள், கோர்ட் கொடுத்த தீர்ப்பு இப்படிப் போனதையும் தெரிந்துகொள்ளட்டும். மக்பேலாவை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் ஞாபகம் வருகிறது.

அப்புறம், புது வருடத்தில் ஆளுக்கொரு வசனமாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டை. முன்பு இதைப் பற்றி எழுதியபோது நாலைந்து பேர் கோபித்துச் சந்தாவை நிறுத்தினார்கள், இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். ஒரு வசனத்தை நாலு வரியாக வெட்டி, பூப்படம் போட்டு அச்சடித்து, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் 'இது எனக்கு' என்று பிடித்துக்கொள்கிற பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. "உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும் உங்களுக்குக் கொடுத்தேன்" என்ற யோசுவா வசனம் ஒரு வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு விழுந்தது. உடனே பத்துப் பேர் சேர்ந்து, மேலே சரிவில் இருந்த ஒரு காலி இடத்தை விடியற்காலையில் ஏழு தடவை சுற்றி ஜெபித்தார்கள். அந்த இடத்தை ஒட்டிக் கணவரை இழந்த ஓர் அம்மாள் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். மூன்றாவது நாள் அவர் வரப்பில் நின்று, "என்னத்துக்குப்பா என் தோட்டத்தைச் சுத்துறீங்க?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பத்துப் பேரில் நானும் இருந்தேன். எனக்கு அன்றைக்கு விழுந்த கேள்வி இன்னும் இறங்கவில்லை, இத்தனை வருடமாக இந்த விஷயத்தை நான் விடாமல் எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

நம் மலையில் எத்தனை வீட்டு வாசலில் 'ரெகொபோத்' என்று கல்லில் பொறித்திருக்கிறது! அழகான பெயர், இடம் உண்டாக்கினார் என்று பொருள். அது யார் வைத்த பெயர்? ஆபிரகாமின் மகன் ஈசாக்கு ஒரு கிணறு வெட்டினார், அந்த ஊர் மேய்ப்பர் சண்டைக்கு வந்தார்கள், விட்டுவிட்டார். இன்னொன்று வெட்டினார், அதற்கும் சண்டை, அதையும் விட்டுவிட்டு நகர்ந்தார். சண்டை வராத மூன்றாவது கிணற்றுக்குத்தான் ரெகொபோத் என்று பெயர் வைத்தார். இவரும் வாக்குத்தத்தத்தின் பிள்ளைதான், அதே தேசத்தில்தான் நிற்கிறார்.

நியாயப்பிரமாணமும் இதையே சொல்கிறது. லேவியராகமம் 25-ல், தேசம் என்னுடையது, நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்க வேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாய் இருக்கிறீர்கள் என்று இருக்கிறது. சொன்னது யாரிடம்? நிலத்தைப் பெறப்போகிற இஸ்ரவேலிடமேதான். பரதேசி என்பதை நாம் தெருவில் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டோம். வேதத்தில் அது ஆபிரகாம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட சொல்.

அந்தப் பிரசங்கியார் திரும்ப வந்தால் ஆதியாகமம் 23-ஐ உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நானூறு சேக்கல் எதற்காகக் கொடுத்தார் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் முழுதாகப் போடுகிறேன்.