சக்கரங்களைத் தின்னும் சாலை உப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அலாய் (அலுமினியக் கலப்பு) வீலின் மேல்பூச்சுக்கு அடியில், புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. இந்தத் துருவை எப்படிப் போக்குவது?

பதில்: துரு இரும்புக்கு உரியது; அலுமினியத்தில் வருவது அரிப்பு. கல் தெறித்து லாக்கர் என்ற மேல்பூச்சு பெயர்ந்த இடத்தில், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு கரைந்த நீர் புகுந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே நூல் நூலாக ஓடுகிறது. மேலே மெழுகு பூசுவதால் பயனில்லை. கோடு முடியும் இடத்துக்கு அப்பாலும் ஒரு சென்டிமீட்டர் வரை பூச்சை எமரித்தாளால் நீக்கி, பளிச்சென்று உலோகம் தெரிந்த பிறகு பிரைமர், நிறம், லாக்கர் என்ற வரிசையில் பூசுங்கள். தடம் நகத்தளவு இருக்கும்போதே செய்தால் ஒரு பிற்பகல் வேலைதான்.

கேள்வி: உப்பை முறிக்க வினிகர் ஊற்றிக் கழுவலாமா?

பதில்: கூடாது. சாலையில் தூவும் சாதாரண உப்பு அமிலமும் அன்று, காரமும் அன்று. அதில் முறிப்பதற்கு எதுவுமில்லை. தண்ணீரில் கரையும் பொருளைத் தாராளமான தண்ணீரே அகற்றிவிடும், வினிகரோ அமிலம். உப்பு தூவும் நாள்களில் வாரம் ஒருமுறை கழுவுங்கள். முகப்பை மட்டுமன்றிச் சக்கரத்தின் உட்புறத்தையும் கழுவுங்கள்.

கேள்வி: வண்டியைத் தினமும் சூடான கொட்டகையில்தான் நிறுத்துகிறேன். பிறகும் ஏன் அரிக்கிறது?

பதில்: அந்தச் சூடும் ஒரு காரணம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாலையில் சாதாரண உப்போடு தூவப்படும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்வதால், காய்ந்ததுபோல் தெரியும் சக்கரமும் நனைந்தேதான் இருக்கும். கழுவிய பின் உள்ளே நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று இறங்குகிறது, பஞ்சர் இல்லை. நான்கு மாதமாகக் காற்று நிரப்பியே ஓட்டுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அலாயா, இரும்பா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடம் அரித்துச் சொரசொரத்திருக்கவே வாய்ப்பு அதிகம். டயரைக் கழற்றி, அந்த விளிம்பை உலோகம் தெரியும்வரை தேய்த்து, சீலர் பூசி மாட்டச் சொல்லுங்கள். நான்கு மாதம் தள்ளிப்போட்டதில் குழி ஆழமாகியிருந்தால் புது வீல்தான். காற்று குறைந்த டயரில் வேகமாகச் செல்வது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: பஞ்சர் ஆனபோது, நட்டுகளைக் கழற்றியும் வீல் ஹப்பை (வீல் மாட்டும் நடு அச்சுப்பகுதியை) விட்டு வரவில்லை. இனி ஒட்டாமலிருக்க எல்லா இடத்திலும் கிரீஸ் தடவலாமா?

பதில்: எல்லா இடத்திலும் தடவவே கூடாது. பலமுறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். எஃகு ஹப்பும் அலுமினிய வீலும் தொடும் இடத்தில் உப்புநீர் நின்றால், மின்கலத்தில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது, கரைவது அலுமினியம். அதனால் உண்டாகும் வெள்ளைத்தூள் கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால், நடுத்துளையைச் சுற்றி ஆப்புபோல் இறுகுகிறது. சக்கரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் துருச்செதிலின் மேலேயே வீலை வைத்து, நட்டு முடுக்கும் துப்பாக்கிக் கருவியால் நட்டை முடுக்கி அனுப்பும் பட்டறைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. என் வண்டியிலேயே ஒரு பட்டறை அப்படிச் செய்தது. ஓடும்போது செதில் நசுங்கி, இறுக்கம் தளர்ந்து, ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. நிறுத்திப் பார்த்தால் இரண்டு நட்டுகள் கையாலேயே சுழன்றன. துளைகளின் ஓரம் புதிதாகத் தேய்ந்து மின்னியது. ஆகவே, சுத்தம் செய்தபின் நடுவளையத்தில் மட்டும், செம்பு கலவாத ஒட்டுத்தடுப்புக் களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். முகத்திலும் மரைகளிலும் வேண்டாம். மரையில் எண்ணெய்ப்பசை இருந்தால் அதே டார்க்குக்கு (முறுக்குவிசைக்கு) போல்ட் கால் பங்குக்கு மேல் கூடுதலாக இழுபடும். டார்க் ரெஞ்சால் முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபாருங்கள்.

இனி ஒட்டிக்கொண்டால், ஸ்டாண்டில் நிறுத்தி, நட்டுகளைச் சில மரை விட்டுவைத்து, பின்பக்கமிருந்து டயரை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஜாக்கை மட்டும் நம்பித் தட்டாதீர்கள்.

கேள்வி: குளிர்காலத்துக்கு இரும்பு வீல் போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். வசந்தத்தில் கழற்றியதும் உட்புறத்தையும் கழுவிக் காயவைத்து, துருப்பட்ட இடத்தைச் சுரண்டி, துத்தநாகப் பிரைமர் அடித்து வையுங்கள்.